கருவாயன் காலும் சிலேட்டில் இரண்டு டீயும்

எங்கள் துறையின் இளைய மருத்துவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். காலையில் ரோஜாப்பூ, மாலையில் பதவி உயர்வுப் பட்டியல் பற்றிய வதந்தி, நடுவில் எப்போதாவது ஒரு மாடு. சென்ற வாரம் அதில் ஒரு வீடியோ வந்தது. கைக்கு அடக்கமாக ஒரு ஸ்கேன் கருவி வந்திருக்கிறதாம். செல்போனோடு இணைத்து நாயின் பாதத்தில் வைத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் புல் விதை வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. சின்னதாக ஒரு கீறல் போட்டார் டாக்டர், இடுக்கியை விட்டார், இழுத்தார், வந்துவிட்டது. வீடியோவுக்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசை கட்டி நின்றன. ஒரு பெண் டாக்டர் மட்டும் கேட்டிருந்தார்: "இந்தக் கருவியெல்லாம் இல்லாத காலத்தில் சீனியர்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் சார்?"

"விரலால்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். அதற்கும் கட்டைவிரல்கள். "லெஜண்ட் சார் நீங்க" என்று ஒருவர் எழுதினார். லெஜண்ட் ஆன பிறகுதான் மனசு உறுத்த ஆரம்பித்தது. என் விரல் என்ன லட்சணத்தில் கண்டுபிடித்தது என்பது என்னைத் தவிர மூன்று பேருக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருத்தி கல்வராயன் மலைமேல் சாமை விதைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் வாட்ஸ்அப்பில் இல்லை என்பதற்காக நான் லெஜண்டாகவே இருந்துவிடுவது நியாயமில்லை. ஆகவே இது.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்லூரியில் மாடு படித்தோம், ஆடு படித்தோம், கோழி படித்தோம். நாய் பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று சீனியர்கள் சொன்னார்கள், அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நானும் அந்தப் பக்கம் போகவில்லை. வேலைக்கு வந்த பிறகும் சினை ஊசி, குடற்புழு மருந்து, பிரேதப் பரிசோதனைச் சான்று என்றே காலம் ஓடியது.

நாயின் கால் என் வாழ்க்கைக்குள் வந்தது சங்கராபுரம் பக்கம் வேலை பார்த்தபோது. ஒரு ரைஸ் மில்காரர் தன் அல்சேஷனை அம்பாசடர் காரில் அழைத்து வந்தார். மில்லில் வேலை செய்தவர்கள் அந்தக் காரைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இன்னா டாக்டர் இது, மூணு பேரு பாத்துட்டாங்க. ஊசியா போட்டுக்கினே இருக்காங்க, இது நொண்டிக்கினே இருக்குது" என்றார்.

எனக்கு முன்னால் பார்த்த மூவரும் காலைப் பிடித்துப் பார்க்கவே இல்லை என்பது காலில் இருந்த சேற்றைப் பார்த்ததும் தெரிந்தது. நான் செய்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காலைக் கழுவினேன், துடைத்தேன், விரலிடுக்கில் மயிரைக் கத்தரித்தேன். ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. அழுத்தினேன். சீழோடு ஒரு ஊசிப்புல் விதை வந்து விழுந்தது. மில்காரர் அதை ஊர் பூராவும் சொன்னார். பிறகு திருநாவலூருக்கு மாற்றலாகிப் போனபோது, தேர்த் திருவிழா முடிந்த மறுநாள் ஒரு தெருநாயின் உள்ளங்காலில் வளையல் துண்டு ஒன்றை வெறும் தடவலிலேயே கண்டுபிடித்தேன். இன்னொன்றில் மூங்கில் சிராய். அந்தச் சிராய் பாதி ஒடிந்து பாதி உள்ளே இருந்தது. எனக்கு "முள் டாக்டர்" என்று பெயரே வந்துவிட்டது. நானும் ஒரு கோட்பாடு தயாரித்துக்கொண்டேன்: காலில் ஏறியது எதுவானாலும் ஒடியும், வெளியே வருவது பாதிதான், மீதி உள்ளே இருக்கும். மாதாந்திரக் கூட்டங்களில் யாரும் கேட்காமலே இதை எடுத்துச் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள், ஏனென்றால் மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்.

அந்தக் கூட்டங்களில் தலையாட்டாத ஒரே ஆள் எங்கள் உதவி இயக்குநர் சுலோசனா மேடம். என்னைவிட ஐந்தாறு வருடம் மூத்தவர். ஒல்லியாக, தோளில் ஒரு துணிப்பையோடு வருவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் மூன்று விதமான "சரி" உண்டு. முதல் சரிக்கு நல்லது என்று அர்த்தம். இரண்டாவதுக்கு நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று அர்த்தம். மூன்றாவது சரியைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்றால், வந்த வழியே திரும்பிப் போய் வேறு வேலை தேடலாமா என்று தோன்றும். நாற்காலியில் உட்கார மாட்டார், முக்காலிதான். மாட்டைத் தொடுவதற்கு முன்னால் மாட்டுக்காரரிடம் பேசுவார், அதுவும் வானிலை அறிக்கை கேட்பது மாதிரி சாவகாசமாக. எனக்கு எரிச்சலாக வரும்.

அதைவிட எரிச்சல் அவருடைய சிலேட்டு. எல்லா மருந்தகங்களிலும் அறுவைச் சிகிச்சை செய்யும் அறையில் ஒரு சிலேட்டு மாட்டச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் அதே சிலேட்டுதான். புண்ணுக்குள் ரத்தத்தை நிறுத்த வைக்கும் வலைத்துணி இருக்கிறதே, காஸ் என்போம், அதில் ஒவ்வொரு துண்டு உள்ளே போகும்போதும் சிலேட்டில் ஒரு கோடு. வெளியே வரும்போது அந்தக் கோட்டின்மேல் குறுக்கே ஒரு கோடு. தவிர, ஒவ்வொரு துண்டின் வாலும் புண்ணுக்கு வெளியே தொங்க வேண்டும். "உள்ள போனது எத்தனை, வெளிய வந்தது எத்தனை. இது தெரியாம தையல் போடாதீங்க" என்பார். நான் அவருக்கு முதுகுக்குப் பின்னால் "கணக்கு டீச்சர்" என்று பெயர் வைத்திருந்தேன். அது அவருக்குத் தெரியும் என்பது பின்னால் தெரிந்தது.

பிறகு என்னை மலைக்கு மாற்றினார்கள். வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே போகிற ஒரு மருந்தகம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், இப்போது அங்கே இருப்பவர் நல்லவர். உதவியாளராக ராஜமாணிக்கம் இருந்தார். இருபது வருடமாக மலையில் இருப்பவர், சுறுசுறுப்பானவர், சொன்னதைச் செய்பவர். சொல்லாததைச் செய்ய மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலேட்டு அங்கேயும் ஆணியில் தொங்கியது. டீக்கடை கொஞ்சம் தள்ளி இருந்ததால், எத்தனை டீ வேண்டும் என்பதை அதில் எழுதி ஜன்னல் பக்கம் காட்டினால் கடைக்காரர் பார்த்துக் கொண்டுவந்து தருவார். இப்படி ஒரு நல்ல பயன்பாட்டை மேடம் யோசித்திருக்கவில்லை என்று எனக்குப் பெருமை.

புரட்டாசியில் வெள்ளச்சி வந்தாள். முப்பத்தைந்து நாற்பது வயது இருக்கும். புருஷன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனவன், தைக்குத்தான் திரும்புவான். இவள் நாலு ஆடும் சாமைக் காடும் ஒரு நாயுமாக மேட்டில் இருந்தாள். நாயின் பெயர் கருவாயன். உடம்பெல்லாம் செம்மண் நிறம், வாய் மட்டும் கறுப்பு. இடது முன்னங்காலில் விரல்களுக்கு நடுவே வீங்கியிருந்தது.

"வேலியில காரை முள்ளு ஏறிட்ச்சிங்க. எருக்கம்பால் வெச்சேன். மூணாம் நாளு தலைய நீட்டிச்சி, பல்லால கடிச்சி இழுத்துட்டேன். இப்ப கால ஊணித்தான் நடக்குது. வீக்கம் மட்டும் வத்தல. தடவ எதனா மருந்து குடுங்க டாக்டர்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானை முடிச்சிலிருந்து ஒரு புகையிலைக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். "முள்ளு இதாங்க. நீங்க பாக்கணும்னு எடுத்தாந்தேன்."

அவள் சொன்னதில் எல்லாமே இருந்தது. முள் ஏறியது, முள் வந்தது, நாய் நடக்கிறது, தடவ மருந்து வேண்டும். களிம்பு ஒரு டப்பா கொடுத்து அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் என்னிடம் கோட்பாடு இருந்தது. எருக்கம்பால் என்றதும் எனக்குச் சிரிப்பு வேறு வந்துவிட்டது. காகிதத்தைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டேன்.

"பாதிதான் வந்திருக்கும்மா. மீதி உள்ள இருக்கு. அறுத்து எடுக்கணும்."

"முழுசாத்தானேங்க வந்துது. பிரிச்சிப் பாருங்களேன்."

"பாக்கறவங்களுக்கு முழுசாத்தான் தெரியும்" என்றேன். முள் டாக்டரிடம் போய் முள்ளைப் பற்றி விளக்குகிறாளே என்று இருந்தது. மருந்து கேட்டு வந்தவளுக்கு ஆபரேஷன் கொடுத்தேன், அதுவும் இலவசமாக.

கருவாயன் வாயை நாடாவால் கட்டி, மயக்க ஊசி போட்டு, முழங்காலுக்குக் கீழே ரப்பர் குழாயை இறுக்கினோம். மயிரை மழித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். மழுங்கிய முனையுள்ள கம்பியை மேல்பக்கத் துளை வழியாக விட்டேன். ஒரு விரற்கடை போயிற்று. அந்த வழியிலேயே நரம்போரமாக அறுத்தேன். கொஞ்சம் சீழ் வந்தது, அவ்வளவுதான். முள் இல்லை. இருந்தால்தானே. இன்னும் கொஞ்சம் ஆழமாக அறுத்தேன். அங்கேயும் இல்லை. ரப்பரைத் தளர்த்தியதும் ரத்தம் குபுகுபுவென்று வந்தது. டிங்சரில் நனைத்த காஸை உள்ளே அடைத்துக் கட்டுப் போட்டோம். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே டீ வந்தது. சிலேட்டில் "டீ 2, ஒண்ணு சர்க்கரை கம்மி" என்று எழுதியிருந்தது. இரண்டு டீயும் சரியாக வந்தன, ஒன்றில் சர்க்கரை கம்மியாகத்தான் இருந்தது.

"நாளான்னைக்கு எடுத்துட்டு வேற கட்டுங்க" என்று ராஜமாணிக்கத்திடம் சொல்லிவிட்டு நான் கோமாரி தடுப்பூசி முகாமுக்குப் போய்விட்டேன். நாலு நாள் கழித்து வந்து கேட்டபோது, "எடுத்துட்டேன் சார், புண்ணு சுத்தமா இருக்குது" என்றார். பத்து நாளில் மேல்தோல் மூடிக்கொண்டது. வெற்றி என்று எழுதிவைத்தேன்.

பதினைந்தாம் நாள் வெள்ளச்சி திரும்பி வந்தாள். கருவாயன் அந்தக் காலை இப்போது தரையிலேயே வைக்கவில்லை. "முள்ளு இருந்தப்பகூட இப்டி நொண்டலங்க" என்றாள். கேட்டுக்கொண்டேன், காதில் விழவில்லை. ஐந்து நாள் ஊசி போட்டதும் வீக்கம் குறைந்தது, நிறுத்தியதும் திரும்பியது. சரி, முள் ஏறியது உள்ளங்காலில்தானே, மீதியும் அந்தப் பக்கம்தான் இருக்கும் என்று இந்த முறை கீழிருந்து அறுத்துத் தேடினேன். கீழே ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே முள் எவ்வளவு தந்திரமாக ஒளிந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி என்று நினைத்தேன்.

எக்ஸ்ரே எடுக்கலாம் என்று கீழே அனுப்பினேன். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய மினி லாரியில் மூட்டைகளுக்கு நடுவே கருவாயனைப் படுக்கவைத்து, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அதன் காலைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு வெள்ளச்சி போய்வந்தாள். படத்தில் ஒன்றுமே இல்லை. எலும்பு கண்ணாடி மாதிரி சுத்தம்.

"அப்ப ஒண்ணும் இல்லீங்களா?" என்று முகம் மலர்ந்து கேட்டாள்.

"முள்ளும் மரக்கட்டை மாதிரிதான். படத்துல விழாது" என்றேன். அது உண்மைதான், பெரும்பாலும் விழாது. ஆனால் அதன் வசதியைப் பாருங்கள். விழுந்திருந்தால் முள் இருக்கிறது என்பேன், விழாவிட்டாலும் இருக்கிறது என்கிறேன். மருத்துவருக்கு இவ்வளவு ஒத்துழைக்கிற நோயை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஐப்பசி வந்துவிட்டது. கால் மோசமாகிக்கொண்டே போனது. மேல்பக்கத்தில் புரையோடி, ஒரு துளை திறந்து வடியும், மூடும், மறுபடி திறக்கும். இனி நடுவிரல் இரண்டையும் எடுத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். நாயின் பாரத்தைத் தாங்குவதே அந்த நடுவிரல்கள்தான். அவை போனால் நாய் பிழைக்கும், நடக்கும். ஓடாது. இதை வெள்ளச்சியிடம் சொன்னேன்.

"ரெண்டு வெரலு போனா பன்னிய தொரத்துமாங்க?"

"கஷ்டம்தாம்மா."

"சாமை பால் புடிச்சிருக்குது டாக்டர். பன்னி எறங்கினா ஒரே நாள்ல வழிச்சிக்கினு பூடும். இது குலைச்சிக்கினு ஓடறதாலதான் இத்தினி வருசமா ஒரு புடி வூட்டுக்கு வருது. இப்ப நானே தகரத்த தட்டிக்கினு உக்காந்திருக்கேன். எத்தினி நாளு தூங்காம கெடக்கறது? அது போய்ட்டா வருசம் பூரா இன்னாத்த தின்றது?"

நான் சொன்ன பதில் இப்போதும் நினைவிருக்கிறது. "சீழ் மேல ஏறினா காலே போயிடும்மா. யோசிச்சிச் சொல்லு." இரண்டு நாள் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "உசிரோட இருந்தா போதும், எடுத்துடுங்க" என்றாள். வியாழக்கிழமை என்று நாள் குறித்தேன்.

அந்த வியாழக்கிழமை காலை, கத்தியெல்லாம் கொதிக்கவைத்து எடுத்தாயிற்று. வெள்ளச்சி வராந்தாவில் நாயோடு உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஜீப் நின்றது. கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி சுலோசனா மேடம் இறங்கினார். மலைப்பாதை வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வருடாந்திர ஆய்வு. வருகிறேன் என்று அவர் போட்ட கடிதம், அவர் வந்துபோன மூன்றாம் நாள் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

அவசர அவசரமாகப் பதிவேடுகளை எடுத்து அடுக்கினேன். அவர் முக்காலியை இழுத்து வராந்தாவிலேயே போட்டுக்கொண்டார்.

"இது எதுக்கு வந்திருக்கு?"

"ரெண்டு விரல் எடுக்கணும் மேடம்."

"எதுக்கு?"

"உள்ள முள் இருக்கு."

"யார் பாத்தது?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "அறிகுறி வச்சி..." என்று இழுத்தேன். "சரி" என்றார். இரண்டாவது வகை. பிறகு என்னை விட்டுவிட்டு வெள்ளச்சி பக்கம் திரும்பினார். மழை எப்படி, சாமை எப்படி, வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று ஆரம்பித்தார். அப்புறம், "கால் மொதல்லேருந்து இன்னா ஆச்சி, சொல்லும்மா" என்றார்.

வெள்ளச்சி சொன்னாள். என்னிடம் மூன்று முறை சொன்ன அதே கதை, ஒரு வார்த்தை மாறாமல். முள் ஏறியது, எருக்கம்பால், முள் வந்தது, நடந்தது. "டாக்டர் கையி வெச்சப்புறந்தாங்க மறுபடியும் நொண்டிச்சி." அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எது முன்னால், எது பின்னால் என்று மட்டும் சொன்னாள்.

மேடம் நாயை நடக்கவிட்டுப் பார்த்தார். முதலில் சிமெண்டில், பிறகு மண்ணில். அப்புறம் முன்னால் குந்தி உட்கார்ந்து, முதலில் நல்ல காலைப் பிடித்தார். ஒவ்வொரு விரலாக விரித்து, அழுத்தி, விட்டார். எது எப்படி இருக்க வேண்டும் என்று நாயிடமே கேட்டுக்கொள்வது போல இருந்தது. அதன் பிறகுதான் கெட்ட காலைத் தொட்டார். உள்ளங்காலை அழுத்தினார், கருவாயன் சும்மா இருந்தது. ஓரத்து விரல்களை அழுத்தினார், சும்மா இருந்தது. மேல்பக்கம் நான் முதலில் அறுத்த தழும்புக்கு அரை விரற்கடை மேலே கட்டைவிரலை வைத்தார். கருவாயன் கத்திக்கொண்டு காலை இழுத்தது. வெளியே வந்த சீழைத் துடைத்து முகர்ந்து பார்த்தார்.

"மொத தடவ எங்க அறுத்தீங்க?"

"மேல, மேடம்."

"எத்தனை துண்டு வச்சீங்க?"

"ஒண்ணு." பிறகு, "ரெண்டா இருக்கும்" என்றேன். உண்மையில் அந்தக் கணத்தில்தான் எனக்கு நினைவு வந்தது. முதல் துண்டு ரத்தத்தில் நனைந்து போய்விட்டது, அதை இன்னும் உள்ளே தள்ளிவிட்டு இரண்டாவதை அதன்மேல் அடைத்தேன். முதல் துண்டின் வால் எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை.

"ராஜமாணிக்கம், நீங்க எத்தனை எடுத்தீங்க?"

"ஒண்ணுதாங்க மேடம். எத்தினின்னு சார் சொல்லலீங்களே."

"சிலேட்டு எங்கே?"

ராஜமாணிக்கம் போய் எடுத்து வந்தார். அதைக் கழுவி எடுத்து வரும் அளவுக்காவது அவருக்கு யோசனை இருந்திருக்கலாம். "டீ 3" என்று இருந்தது. மேடம் வருவதைப் பார்த்ததும் எழுதியது. மேடம் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி" என்றார்.

திட்டினால் பரவாயில்லை என்று இருந்தது. என்னை ஒதுங்கச் சொல்லி அவரே செய்வார் என்று எதிர்பார்த்தேன். "கை கழுவிட்டு வாங்க. நீங்க வச்சது, நீங்களே எடுங்க" என்றார். டீயை அழித்துவிட்டு, சிலேட்டின் நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் "போனது" என்றும் இன்னொரு பக்கம் "வந்தது" என்றும் எழுதினார். போனது என்பதன் கீழே பழைய பாக்கியாக ஒரு கோடு இழுத்தார்.

மயக்கம் கொடுத்தோம். பழைய தழும்பிலிருந்தே தொடங்கி, கொஞ்சம் மேலே வரைக்கும் அறுத்தேன். மேடம் என் தோளுக்குப் பின்னால் நின்று, "அவசரம் வேணாம், சலைன் ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். புரைக்குள் சதை மாதிரி ஒன்று தெரிந்தது. நரம்புக்கு அடியில் பதுங்கி, ரத்தமும் டிங்சரும் ஊறி, சதை நிறத்திலேயே இருந்தது. இடுக்கியால் தொட்டேன். சதை நூல்நூலாகப் பிரியுமா? இது பிரிந்தது. பிடித்து மெதுவாக இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. பாத்திரம் தேய்க்கிற பழந்துணி மாதிரி நாறிக்கொண்டு, தட்டில் முழ நீளத்துக்கு விழுந்தது. ஆறு வாரமாக நான் ஊசி போட்டதும், கீழே அறுத்ததும், மலையிறக்கிப் படம் எடுத்ததும், விரலை வெட்ட நாள் குறித்ததும் என் சொந்தத் துணியைத் தேடித்தான்.

"வந்தது ஒண்ணு" என்று மேடம் சிலேட்டில் எழுதினார். புண்ணைக் கழுவி முடித்த பிறகு என்னிடம் கேட்டார்: "அந்தம்மாகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். பதினெட்டு வருட சர்வீஸில் அவ்வளவு நீளமான வராந்தாவை நான் பார்த்ததில்லை. "வெள்ளச்சி, உள்ள முள் இல்ல. நான் வச்ச துணி. எடுக்க மறந்துட்டேன். தப்பு என்னுது" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப வெரல வெட்ட வேணாங்களா?" என்றாள்.

"வேணாம்."

"ஓடுமா?"

"ஓடும்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மயக்கத்தில் கிடந்த நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் வெட்கப்பட்டு நின்றேன். அவள் மினி லாரியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனது கண்முன் வந்தது. இன்றும் வருகிறது.

கருவாயன் ஒரு வாரத்தில் காலை ஊன்றியது. மூன்றாம் வாரம் ஓடியது. அதற்குள் பன்றி இரண்டு முறை இறங்கி ஒரு மூலையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது, மீதிச் சாமை வீடு வந்து சேர்ந்தது. அந்த மூலை என்னால் போனது. மேடத்தின் ஆய்வு அறிக்கையில் என்மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரை இருக்கும் என்று காத்திருந்தேன். ஒரு விளக்கக் கடிதம் கேட்டார், எழுதிக் கொடுத்தேன், அதோடு கோப்பில் சேர்த்தார். கருவிகள் பற்றிய பத்தியில் மட்டும் ஒரு வரி இருந்தது: "சிலேட்டு உள்ளது. தேநீருக்குப் பயன்படுத்தப்படுகிறது." அந்த ஒரு வரிக்காக மாவட்டம் முழுவதும் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டி "டீ சொல்லட்டுமா சார்" என்று கேட்பவர்கள் வெகுகாலம் இருந்தார்கள். "முள் டாக்டர்" என்று அழைத்தவர்கள் அதன் பிறகு யாரும் இல்லை.

அந்த வியாழக்கிழமையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு வெள்ளச்சி கேட்டாள்.

"அந்த முள்ள இன்னா பண்ணீங்க டாக்டர்?"

"மேசையிலதான் இருக்கு."

"ஒடிக்கலயா?" அவள் குரலில் அப்போதுதான் கோபம் தெரிந்தது. "எடுத்த முள்ள ஒடிச்சிப் போடணுங்க. முள்ளு முழுசா இருக்கற வரைக்கும் புண்ணு ஆறாது. எங்க பக்கம் சின்னப் புள்ளைக்கும் தெரியும். நீங்க பாக்கணுமேன்னு ஒடிக்காம குடுத்தேன். பாத்துட்டு நீங்க ஒடிச்சிருப்பீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

இழுப்பறையைத் திறந்தேன். ரப்பர் ஸ்டாம்புக்கும் மை அட்டைக்கும் அடியில் புகையிலைக் காகிதம் அப்படியே இருந்தது. ஆறு வாரத்தில் முதல்முறையாகப் பிரித்தேன். மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். காரை முள், ஒரு அங்குலம் இருக்கும். நுனி ஊசியாக இருந்தது. அடியில் கொம்பிலிருந்து பிய்ந்த பட்டைகூட ஒட்டியிருந்தது. எங்கும் ஒடியவில்லை. ஒரு பொட்டுகூட உள்ளே தங்கியிருக்க வழியில்லை. முழு முள் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வரைக்கும் கருவாயன் கால் ஆறவில்லை. வெள்ளச்சி சொன்னது அப்படியே சரி. என் படிப்பின்படி பார்த்தாலும் சரி.

அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்களே ஒடிங்க."

மேடம் முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்து மடக்கினேன். காய்ந்த முள், சட்டென்று மடங்கவில்லை. அழுத்தி ஒடித்தபோது நுனி என் கட்டைவிரலில் நன்றாக ஏறிவிட்டது. பிடுங்கியதும் ரத்தம் வந்தது. ராஜமாணிக்கம் பதறி உள்ளே ஓடி ஒரு காஸ் துண்டை எடுத்துவந்து என் விரலில் சுற்றினார்.

"நில்லுங்க" என்றார் மேடம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிலேட்டை எடுத்து என்னிடமே நீட்டினார். "போனது ஒண்ணு. எழுதுங்க."